மையித்து வீட்டில் நாம் பேசும் வார்த்தைகள்

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்தக் கிழமை பதுளையில் ஒரு கடை வாசலில் நின்று, "பாவங்கள் கூடினால் இப்படித்தான் சோதனை வரும்" என்று நானும் சொன்னேன். பக்கத்தில் நின்ற தோட்டத்துக் கடைக்கார நானா, "கைக்குழந்தை என்ன பாவம் செய்தது மௌலவி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வி மனதில் கிடந்ததால்தான், பல வருடங்களுக்குப் பின் தல்மூதின் ஒரு பக்கம் என்னை நிறுத்தியது. காஸாவைப் பார்த்துக்கொண்டே யூதர்களின் நூலைப் படிப்பதா என்று சிலர் கோபப்படலாம். நபி (ஸல்) அவர்கள் கடிதப் போக்குவரத்துக்காக ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். பனூ இஸ்ராயீல்களிடமிருந்து செய்திகளை அறிவிப்பதில் குற்றமில்லை என்ற ஹதீஸ் புகாரியில் உள்ளது. தல்மூத் இன்றைய அரசியல்வாதிகள் எழுதியதல்ல. அதில் பெரியது, சுமார் 1,500 வருடங்களுக்கு முன் ஈராக்கின் மார்க்க அறிஞர்கள் தொகுத்த வாதப் பிரதிவாதங்கள். இன்னார் சொன்னார், இன்னார் மறுத்தார் என்று பெயர் சொல்லியே போகும். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு அந்த நடை அந்நியமாக இருக்காது.

அதில் பாபா மெட்சியா என்றொரு பகுதி, கொடுக்கல் வாங்கல் சட்டம். விலையில் ஏமாற்றுவதைப் பேசிக்கொண்டே வந்து, வார்த்தையால் புண்படுத்துவது அதைவிடக் கொடியது என்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், வார்த்தையைக் கொடுக்க முடியாது என்பது காரணம். தௌபா செய்தவனுக்குப் பழையதை ஞாபகப்படுத்தக் கூடாது. நோயாளியிடமும் பிள்ளையை அடக்கிவிட்டு நிற்பவனிடமும், அய்யூப் நபியின் நண்பர்கள் பேசியதாக அவர்களின் வேதம் சொல்வதுபோல, "நீ குற்றமற்றவனாக இருந்தால் இது வந்திருக்குமா?" என்று பேசக் கூடாது. கடை வாசலில் நான் பேசியது அதேதான்.

பெராக்கோத் என்ற பகுதியில் யோஹனான் என்ற அறிஞர். பத்துப் பிள்ளைகளை அடக்கியவர். நோயில் அழுதுகொண்டிருந்த எலஆஸார் என்ற இன்னொரு அறிஞரைப் பார்க்கப் போகிறார். ஏன் அழுகிறாய், படிப்பு போதாதென்றா, வறுமைக்கா, பிள்ளைகளை நினைத்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆறுதலும் சொல்கிறார். ஒன்றுமே பொருந்தவில்லை. அழகெல்லாம் மண்ணுக்குள் போகுமே என்றுதான் அவர் அழுகிறார். உடனே யோஹனான், அதற்கு அழத்தான் வேண்டும் என்று சேர்ந்து அழுகிறார். பிறகுதான் இந்த வேதனை உனக்குப் பிரியமா என்று கேட்கிறார். அதுவும் வேண்டாம், அதன் கூலியும் வேண்டாம் என்கிறார் நோயாளி. நாமாக இருந்தால் "அஸ்தஃபிருல்லாஹ், அப்படிச் சொல்லாதே" என்றிருப்போம். யோஹனான் கையை நீட்டித் தூக்கி விடுகிறார்.

இதைப் படித்த பிறகு நம்முடைய ஹதீஸ் ஒன்றைத் திரும்ப எடுத்தேன். கப்றின் பக்கத்தில் அழுத ஒரு பெண்ணிடம் நபி (ஸல்) அவர்கள் பொறுமை பற்றிச் சொன்னார்கள். யாரென்று தெரியாமல் அவள், உமக்கு என் கஷ்டம் வரவில்லையே, விலகிப் போம் என்று எடுத்தெறிந்து பேசினாள். நபியவர்கள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் பிறகு தேடி வந்தபோது, முதல் அதிர்ச்சியில் இருப்பதுதான் பொறுமை என்றார்கள். ஜும்ஆவில் அந்தக் கடைசி வசனத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் ஏசியதும் நபியவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டதும் என் பயானில் வந்ததேயில்லை.

இப்போது பசறைப் பக்கமோ வெலிமடைப் பக்கமோ மையித்து வீட்டுக்குப் போனால், முதலில் பாயில் உட்கார்ந்துவிடுகிறேன். துஆ ஓதச் சொல்லி அவர்கள் கேட்கும் வரை வாயைத் திறப்பதில்லை.