மகளுக்கு ஏற்ற பள்ளி எது?

பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மன் பகைவரை வென்ற போர்க்களம் என்று சரித்திரத்தில் இடம்பெற்ற ஊர் தெள்ளார். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள இவ்வூர்ப் பக்கத்தில் ஆரணிப் பட்டு நெய்யும் தறியும், நெல்லும் மணிலாவும் விளையும் வயலும் குடும்பங்களைக் காத்து வருகின்றன. இக்குடும்பங்களின் பெண்மக்கள் தார் சுற்றுவதோடு நின்றுவிட்ட காலம் மலையேறிவிட்டது. மகளை நன்கு படிக்கவைக்க வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், பெயர்ப் பலகையையும் சீருடையையும் கண்டு மயங்கிப் பள்ளியைத் தேர்வது தகாது. ஜரிகையை உரைத்துப் பார்ப்பது போலவே பள்ளியையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

தனியார் முயற்சியால் எழுந்த பெண்கள் பள்ளிகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-இல் தொடங்கிய பெண்கள் பள்ளியும், சென்னையில் 1912-இல் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவையர்க்கென அமைத்த இல்லமும், பெண்களுக்கு வேறு கதவு திறவாத நாளில் விளக்கேற்றியவை. இன்றோ கதவுகள் பல. ஆகவே, எக்கதவு எங்கே இட்டுச் செல்கிறது என்று அறிந்து நுழைவதே அறிவுடைமை.

தனியார் பள்ளி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரு வகைப்படும். அரசின் உதவி பெற்றுத் தனியார் நிர்வாகத்தில் நடப்பவை ஒரு வகை. பெற்றோர் செலுத்தும் கட்டணத்தையே நம்பி நடக்கும் சுயநிதிப் பள்ளிகள் மற்றொரு வகை. முதலில் இவ்வேறுபாட்டைக் கேட்டறிக. ‘மெட்ரிகுலேஷன் பாடம் உயர்ந்தது’ என்னும் பழைய எண்ணத்தையும் விட்டொழிக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டமும், 2011-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் பாடத்திட்டத்தைப் பொதுவாக்கிவிட்டன. மத்திய வாரியப் பாடத்திட்டம் மட்டும் வேறு. எனவே வேறுபாடு இருக்குமாயின், அது ஆசிரியரிலும் கற்பிக்கும் முறையிலும் இருக்கும், பெயரில் இராது.

அங்கத்தினர்கள் மிகவும் சிந்திக்க வேண்டிய கட்டம் ஆறாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் 2021-இல் இது விரிவாக்கப்பட்டது. இதற்குரியவர்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களே. உதவி பெறும் பள்ளியில் பயின்றவர்க்கு இவ்வுரிமை இல்லை. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்க 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளி மாணவியர்க்கே உரியதாக இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பில் மகளைச் சுயநிதிப் பள்ளிக்கு மாற்றும் தந்தை, கட்டணத்தை மட்டுமன்றி இவ்வுரிமைகளையும் சேர்த்தே விலையாகக் கொடுக்கிறார். கொடுப்பது தவறன்று, அறியாமல் கொடுப்பதே தவறு.

அடுத்தது கணக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகள். ஒரு பள்ளியில் கட்டணம், வண்டிக் கூலி, சீருடை, புத்தகம் யாவும் சேர்ந்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஆகுமெனக் கொண்டால், உயர்வு ஏதும் இல்லாமலே ஏழாண்டில் 2,80,000 ரூபாய் ஆகும். முதலாண்டுத் தொகையைத் திரட்டிவிட்ட மகிழ்ச்சியில் இத்தொகையை மறந்துவிடலாகாது. பள்ளிக் கட்டணம் ஜூன் மாதத்தில் கேட்கப்படும். சம்பா நெல்லோ தை மாதத்தில்தான் வீடு வரும். அடைமழைக் காலத்தில் தெருவில் பாவு நீட்ட இயலாது, கூலியும் குறையும். நகையை அடகு வைத்துச் சேர்த்த பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் மகளை விலக்க நேர்ந்தால், துன்பம் தந்தையுடையது மட்டுமன்று. பாவு அறுந்தது போல் அவள் படிப்பே அறுபடும்.

சுயநிதிப் பள்ளி கேட்கும் தொகையெல்லாம் சட்டப்படியான தொகை ஆகிவிடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு பள்ளிதோறும் கட்டணத்தை வரையறுக்கிறது. அத்தொகையைக் கேட்டறிந்து, செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெறுக. நன்கொடை கேட்பதையும், சேர்க்கைக்கெனக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அச்சட்டம் சுயநிதிப் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கி, எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி அளிக்கச் சொல்கிறது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளை இது கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வொதுக்கீட்டில் எட்டு வரை பயின்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயிலும் மாணவி முன்சொன்ன 7.5 விழுக்காட்டுக்கும் உரியவள். ஏழை அங்கத்தினர்க்கு இது மிகப் பயனுள்ள வழி.

பணத்தினும் பெரிது பாதுகாப்பு. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீக்கு 94 குழந்தைகள் பலியானதை நாடு மறவாது. கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2012-இல் சென்னையை அடுத்த பகுதியில் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தபின், பள்ளி வண்டிகளுக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. வண்டியில் ஏறிப் பார்த்து, உதவியாளர் உண்டா என அறிக. விடுதியாயின், 2014-ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என வினவுக. ‘பெண்கள் பள்ளி’ என்ற பெயரே காவல் ஆகிவிடாது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியைகள் போதிய அளவில் உளரா, மாணவி குறையைச் சொல்ல இடமுண்டா என்பவையே காவல். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை மகளுக்குக் கற்பிப்பதும் நம் கடமை.

இவற்றையெல்லாம் ஒரு தனிக் குடும்பம் விசாரிப்பது கடினம். கூட்டாக விசாரிப்பது எளிது. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் சித்திரையில் ஒரு மாலைக் கூட்டம் கூட்டலாம். பள்ளிகளில் மகள் பயிலும் அங்கத்தினர்கள் தாம் செலுத்திய தொகையையும் கண்ட நிறை குறைகளையும் ஒளிக்காமல் உரைக்கலாம். பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குச் செல்வாராயின், நம்பத்தக்க வண்டி ஒன்றைச் சேர்ந்தே அமர்த்தலாம். அக்கூட்டத்திற்குப் பெண்மக்களையும் அழைத்து வாருங்கள். ஏழாண்டுக் காலம் அந்த வகுப்பறையில் அமரப்போகிறவர்கள் அவர்களே. அவர்களது விருப்பமும் அச்சமும் நம் கணக்கில் முதல் வரியாக ஏற வேண்டும்.