அடுத்த நொடி தெரியாத கருவி

சோனியின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் விளையாடலாம், பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். இத்தனையும் ஒரே கருவியில் கிடைக்கும்போது பாட்டுக்கென்று தனியாக ஓர் ஐபாட் எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். பழைய கருவிகளைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் அதையே கேட்கிறார்கள். திரை, பேட்டரி, பட்டன், இயர்போன் செருகும் துளை என்று வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இனம்தான். உள்ளே அப்படியில்லை. பாட்டுக் கருவிக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரியும். விளையாட்டுக் கருவிக்குத் தெரியாது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, நினைவகம் எதற்குச் செலவாகிறது, பட்டன் எப்படி அமைகிறது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை என்பதே என் வாதம்.

ஐபாடின் உள்ளே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஐபாடில் இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். கொள்ளளவு 5 ஜிபி. ஹார்ட் டிஸ்க் என்பது வேகமாகச் சுழலும் தட்டு. சுழற்ற மின்சாரம் நிறையச் செலவாகும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினால் குலுங்கித் தடுமாறும். அப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு அந்தச் சிறு பெட்டி 10 மணி நேரம் பாடியது எப்படி? டிஸ்க்கோடு சேர்ந்திருந்த 32 மெகாபைட் நினைவகம்தான் காரணம். எம்.பி.3 பாட்டு ஒன்று 4, 5 மெகாபைட் இருக்கும். பட்டியலில் வரிசையாக இருக்கும் ஐந்தாறு பாட்டுகளை ஒரே மூச்சில் நினைவகத்துக்கு அள்ளிப் போட்டுவிட்டு டிஸ்க் நின்றுவிடும். அமைதியான அறையில் பெட்டியைக் காதோரம் பிடித்தால் சில நொடி மெல்லிய இரைச்சல் கேட்கும், பிறகு அடங்கும். ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு டிஸ்க்குக்கு வேலையே இல்லை. கல்யாணச் சமையல்காரருக்குப் பந்தியில் என்ன பரிமாற வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். ஆகவே மொத்தமாகச் சமைத்து அண்டாவில் இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடலாம். ஐபாட் செய்ததும் அதுதான். பாதிப் பாட்டிலேயே அலுத்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருப்பவரின் ஐபாடில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததும் இதனால்தான். அண்டாவில் இருப்பதை வேண்டாம் என்று ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் நெருங்குகிறது.

விளையாட்டுக் கருவிக்கு இந்த வசதி இல்லை. அது ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவரைப் போன்றது. வருகிறவர் என்ன கேட்பார் என்பது கேட்ட பிறகுதான் தெரியும், கல்லைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். 1989இல் வந்த நிண்டெண்டோ கேம் பாய் தன் படத்தை நொடிக்கு ஏறக்குறைய 60 முறை புதுப்பித்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதன்படி அடுத்த படத்தைக் கணக்கிட்டாக வேண்டும். அதுவும் தூங்கியது என்பது உண்மைதான். அதன் சில்லில் ‘ஹால்ட்’ என்றொரு கட்டளை உண்டு. கணக்கு சீக்கிரம் முடிந்துவிட்டால் அடுத்த படத்துக்கான அழைப்பு வரும்வரை சில்லு கண்ணயரலாம். ஆனால் அந்த உறக்கம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். அங்கே 20 நிமிடம், இங்கே ஒரு கண்சிமிட்டலைவிடக் குறைவு.

அப்படியானால் கேம் பாய் 4 பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியதே, ஐபாடைவிட அது அதிகமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓய்வெடுத்து மிச்சம்பிடிக்க வழியில்லாத கருவி, எளிமையால் மிச்சம்பிடித்தது என்பதே பதில். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், பழகித் தேய்ந்து மலிவாகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். நான்கே சாயல் கொண்ட திரை, பின்னொளி கிடையாது, சுழலும் பாகம் எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு செகா நிறுவனம் வண்ணத்திரையும் பின்னொளியுமாக கேம் கியரைக் கொண்டுவந்தது. 6 பேட்டரி போட்டும் அது 3 முதல் 5 மணி நேரம்தான் தாங்கியது.

பி.எஸ்.பி.யில் இந்த இரண்டு குணமும் ஒரே கூட்டுக்குள் மோதின. அதன் நினைவகமும் 32 மெகாபைட், அதாவது முதல் ஐபாடில் இருந்த அதே அளவு. ஆனால் இங்கே அது சேமிப்பு அண்டா இல்லை, விளையாட்டு நடக்கும் களம். முன்கூட்டி எடுத்து வைக்க இடம் மிஞ்சவில்லை. வீரன் கதவைத் திறந்தால்தான் அடுத்த அறை தேவை. திறந்த பிறகு, விளையாட்டு பதிந்திருக்கும் யு.எம்.டி. என்ற சிறு தட்டு சுழன்று தேடும், ஆடுபவர் காத்திருப்பார். சில்லு வேகமாக ஓடினால் பேட்டரியும் வேகமாகத் தீரும். 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய சில்லைத் தொடக்கத்தில் 222க்கு மேல் விளையாட்டுகள் பயன்படுத்த சோனி விடவில்லை. 2007இல் வந்த மெலிந்த பி.எஸ்.பி.யில் நினைவகத்தை 64 ஆக்கி, கூடுதலாகக் கிடைத்த இடத்தில் தட்டிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கும் வழியைச் சேர்த்தார்கள். ஐபாடின் உத்தியை விளையாட்டுக் கருவி கடன் வாங்கிய இடம் இது. காத்திருப்பு குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. கதவைத் திறப்பாரா மாட்டாரா என்பது ஆடுபவருக்கே அந்த நொடிவரை தெரியாதபோது தட்டுக்கு எப்படித் தெரியும்?

கைபேசி வந்தபிறகு இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். இணைப்பு விட்டுவிட்டு வரும் ரயில் பயணத்தில் பாட்டும் வீடியோவும் பெரும்பாலும் தடங்கலின்றி ஓடும், முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்வதால். தொலைவிலிருக்கும் சர்வரில் நடக்கும் விளையாட்டு அதே ரயிலில் தள்ளாடும். இன்னும் அழுத்தாத பட்டனுக்கான பதிலை இறக்கி வைக்க முடியாது. கைபேசி இரண்டையும் செய்கிறது, வேறுபாட்டைக் கரைக்கவில்லை. நம் தரப்பில் நேர்ந்த நட்டத்தையும் சொல்ல வேண்டும். ஐபாடின் உச்சியில் ‘ஹோல்ட்’ என்றொரு தள்ளுபட்டன் இருந்தது. தள்ளினால் ஆரஞ்சு நிறம் தெரியும், அதன்பின் எதை அழுத்தினாலும் கருவி பொருட்படுத்தாது. பி.எஸ்.பி.யில் மேலே தள்ளினால் மின்சாரம், கீழே தள்ளினால் ஹோல்ட். விரலை விலக்கி வைத்துவிட்டுக் கேள் என்று கேட்பவருக்கும் கருவி சொன்ன இடம் அது. இன்று பாட்டுக் கேட்கும் கருவியே நிமிடத்துக்கொரு அறிவிப்பால் விரலைக் கூப்பிடுகிறது. அந்தப் பட்டனை இழந்ததைச் சிறிய இழப்பாக நான் நினைக்கவில்லை.

ஐபாட் வரிசையின் கடைசிக் கருவியை 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்தியது. பேட்டரி செத்ததென்று மேசை இழுப்பறையில் போடப்பட்டவை ஏராளம், பேட்டரியை மாற்றினால் பாடக்கூடியவை அவற்றில் பல. ஆர்வலர்கள் பிற்கால ஐபாட்களைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டைப் பொருத்துகிறார்கள். இப்போது அதற்குள் சுழல எதுவும் இல்லை. ஆனாலும் பழைய மென்பொருள், தட்டைத் தூங்க வைப்பதற்காக, அடுத்த சில பாட்டுகளை மொத்தமாக அள்ளி நினைவகத்தில் இறக்கிக்கொண்டே இருக்கிறது.