தாத்தாவின் பட்டாளத்துப் பதக்கம் தொலைந்துபோனால்

பழைய வீட்டை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும்தான் தாத்தா வாங்கிய பதக்கங்கள் பெரும்பாலும் காணாமல் போகின்றன. ட்ரங்க் பெட்டியோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இல்லையென்றால் யாரோ ஒரு பங்காளி எடுத்திருப்பார். பிறகு குடும்பத்தார் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறார்கள். பர்மாவில் போரிட்டார் என்று அதில் எழுதியிருக்கும். படை எண் இருக்காது. படை எண் இல்லாத மனு மேசைவிட்டு மேசை போகுமே தவிர, பதில் வராது.

இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படையினருக்கு வழங்கிய பதக்கங்களில், பெரும்பாலும் விளிம்பில், எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். உங்களுடையது என்று நிரூபிக்க அந்த ஒரு வரிதான் சாட்சி. பதக்கம் இன்னும் கையில் இருப்பவர்கள் இன்றே அந்த விளிம்பைப் படம் எடுத்து வையுங்கள். பாலிஷ் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

தொலைத்தவர்கள் எண்ணை டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் உத்தரவிலும் தேடுங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அன்றைய குமாஸ்தா ராமசாமி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பாரோ, அத்தனை விதமாகவும் தேட வேண்டும்.

எண் கிடைத்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அங்கிருந்து எழுத வேண்டியது தாத்தாவின் படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். எண், பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, சொந்த ஊர், இவற்றோடு வாரிசுச் சான்றிதழ் நகலும் வையுங்கள். என்னென்ன பதக்கங்களுக்கு அவர் உரியவர் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். அதிலும் வாரிசுச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிடுவார்கள்.

திருட்டு என்றால் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். பழைய உலோகத் துண்டுக்கு எஃப்.ஐ.ஆரா என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். கேட்பவருக்கு அது எடைக்குப் போடும் பொருள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்ததற்கு மிஞ்சிய ஒரே அத்தாட்சி. பதிவு செய்ய மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின்படி புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பதக்கம் ஏதாவது இணைய ஏலத்தில் கண்ணில் பட்டால் ஆத்திரப்பட்டு விற்பவரை மிரட்டாதீர்கள், பக்கமே மறைந்துவிடும். முதலில் ஏல எண்ணோடு பக்கத்தைப் படம் எடுங்கள். பிறகு எஃப்.ஐ.ஆர்., விளிம்புப் படம், ஆவணக் காப்பகத்தின் கடிதம் மூன்றையும் அனுப்பி, ஏலத்தை நிறுத்தக் கேளுங்கள். திருட்டுப் பொருளை வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை சேராது. ஆனால் தாத்தாவே உயிரோடு இருந்தபோது விற்றிருந்தால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மாற்றுப் பதக்கம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களுக்குப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் மாற்று வழங்குவதில்லை. கன்டோன்மென்ட் கடைகளில் கிடைப்பவை நகல்கள்.

திருட்டுப்போன பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். சொந்தக்காரர்தானே, கேட்டால் கொடுப்பார் என்று பலர் அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். அவரிடம் கேட்பதையும் எழுத்திலேயே, தேதி போட்டுக் கேளுங்கள்.