தெருவுக்கு எழுதிய காணி, பிள்ளைகளுக்கு உதவுகிறது

வடமேற்கு லண்டனில் குடியேறிய எம்மவர்கள் நாள்தோறும் பயணம் செய்யும் தெருக்கள் இரண்டு. ஒன்று எட்ஜ்வெயர் றோட். மற்றது ஹரோ றோட். வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் இவ்வழியே போய்வரும் எம்மில் பலர், இத்தெருக்களின் பேரால் ஒரு தர்ம சொத்து இருப்பதை அறியமாட்டோம்.

ஹரோவைச் சேர்ந்த ஜோன் லயன் என்ற கமக்காரர், 1572இல் முதலாம் எலிசபெத் மகாராணியின் பட்டயம் பெற்று ஹரோ பாடசாலையை நிறுவினார். லண்டனிலிருந்து ஹரோவுக்கு வரும் தெருக்களைத் திருத்துவதற்கென வேறாக ஒரு காணியையும் ஒதுக்கிவைத்தார். 1592இல் காலமானார். எங்கள் ஊர்களில் முன்னோர் தெருவோரங்களில் சுமைதாங்கி, கேணி, மடம் என்பவற்றை அமைத்ததும் இதே எண்ணத்தில்தான்.

அக்காணி அமைந்த சென் ஜோன்ஸ் வூட் பகுதி காலப்போக்கில் நகரமாகிப் பெறுமதி கூடியது. தெருக்களோ உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பாயின. எனவே 1991இல் விதி மாற்றப்பட்டு, அந்த வருமானத்தை அப்பகுதி மக்களின் நன்மைக்குச் செலவிடலாம் என்றாயிற்று. அதுவே இன்றைய 'ஜோன் லயன்ஸ் சரிற்றி'. ஹரோ, பிறென்ற், ஈலிங், பார்நெற், கம்டன் முதலிய பகுதிகளில் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் சேவை செய்யும் அமைப்புகளுக்கு இது நிதி உதவுகிறது. இளைஞர் கழகங்கள், விளையாட்டு, கலை என்பவற்றோடு தாய்மொழி கற்பிக்கும் வார இறுதிப் பாடசாலைகளும் இதில் அடங்கும். தனியாட்களுக்குப் பணம் கொடுப்பதில்லை.

"பிறரிடம் கை நீட்டுவதா?" என்று எம்மவரிற் சிலர் தயங்குகிறார்கள். தமிழ்ப் பாடசாலையின் மண்டப வாடகையைப் பெற்றோரின் சந்தாவே தாங்குகிறது. தொழிற்சாலையில் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்யும் நாம், மூன்று பிள்ளைகளுக்கும் சந்தா கட்ட இயலாதபோது யாரிடமும் சொல்லாமல் பிள்ளைகளை மறித்துவிடுகிறோம். எமது மானம் காப்பாற்றப்படுகிறது. பிள்ளையின் தமிழ் போய்விடுகிறது. ஜோன் லயன் தெருவுக்கென்று காணியை ஒதுக்கியபோது, அதில் நடப்பவர் எந்த ஊரார் என்று பார்க்கவில்லை. அத்தெருவோரம் வாழும் எம் பிள்ளைகளுக்கும் அதிற் பங்குண்டு.

ஆனால் நல்ல நோக்கம் மட்டும் போதாது. எழுத்திலான யாப்பு, தெரிவுசெய்யப்பட்ட நிர்வாக சபை, அமைப்பின் பெயரில் இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, பற்றுச்சீட்டுகளுடன் வருடக் கணக்கறிக்கை, பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிமுறைகள் ஆகியன வேண்டும். வருட வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட தர்ம அமைப்புகள் பொதுவாக சரிற்றி கொமிஷனில் பதியவும் வேண்டும். எத்தனை பிள்ளைகள், என்ன செலவு, என்ன பயன் என்று தெளிவாக எழுதவேண்டும். பெற்ற பணத்துக்குப் பின்னர் கணக்குக் காட்டவும் வேண்டும். பொருளாளரின் சட்டைப்பையே வங்கி என்றிருக்கும் சங்கங்களுக்கு இது கடினந்தான். ஆயினும் இந்த ஒழுங்கு வந்தால் எம்மவரிடையே கணக்குச் சச்சரவுகளும் குறையும்.

படிவம் நிரப்ப ஆங்கிலம் போதாதென்று பின்நிற்கத் தேவையில்லை. ஹரோ, பிறென்ற், ஈலிங் ஆகிய இடங்களில் சிறு அமைப்புகளுக்கு வழிகாட்டவென்றே இளைஞர் நலன் அமைப்புகள் இயங்குகின்றன. இங்கு படித்த எம் இளைஞர்களும் உதவலாம். வேறு நகரங்களில் வாழ்வோர், தம் பகுதியில் இத்தகைய தர்ம நிதியம் உண்டா என்று உள்ளூர் நூலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் சந்தாவைக் கூட்டுவது பற்றிப் பேசுமுன், இதைப் பற்றிப் பேசுவோம்.