மழையின்மேல் விழும் பழி

ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழையைத் தாங்கி, பிற்பகலில் வானம் பொழியுமா பொழியாதா என்று காப்பிக்கடைகளில் பந்தயம் கட்டிய ஊர் என்றும் பெயர் வாங்கிவிட்ட தைப்பிங்கில், மூட்டுவலிக்கும் மழையே காரணம் என்று ஜனங்கள் நம்புவதில் ஆச்சரியமில்லை. மெக்ஸ்வெல் குன்றில் மேகம் இறங்கியதும், பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்து மூத்த தாய்மார்கள் "குளிர் ஏறிவிட்டது" என்று விரல்களுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்குவார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, ஈரத்தில் நின்று பால்மரம் வெட்டிய கைகள் அல்லவா! ஈரத்தில் வலி கூடுவதாகத் தோன்றலாம். ஆனால், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் விரல் மடங்காமல் விறைத்து, இரு கைகளிலும் ஒத்த கணுக்கள் வீங்கி, காப்பிக் குவளையின் பிடியைக்கூடப் பற்ற முடியாமற் செய்யும் முடக்குவாதத்தை மழை உண்டாக்குவதில்லை. தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதை உண்டாக்குகிறது.

தேகம் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மேதை பால் எர்லிக் கருதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள், புரதத் துணுக்குகளை ஏந்தி வெள்ளையணுக்களுக்குக் காட்ட, அவை நம்மவையா அந்நியமா என்று வெள்ளையணுக்கள் தீர்மானிக்கின்றன. அந்த மரபணுக்களுள் டி.ஆர்.பி.1 என்பதன் சில வகைகளில், 70 முதல் 74 வரையுள்ள ஸ்தானங்களில் ஒரு விசேஷ அமினோ அமில வரிசை அமைந்திருந்தால், சொந்தப் புரதத்தையே சத்துருவாகக் கொள்ளும் அபாயம் மிகுகிறது. புகைப்பவரின் நுரையீரலில் புரதங்களின் ஆர்ஜினின் சிட்ருலினாக மாறுவதும், அதற்கெதிராக எழும் எதிர்ப்பொருள்கள் காலக்கிரமத்தில் மூட்டுகளைப் பகைப்பதும் இந்நோயின் பூர்வாங்கம் என்பது விஞ்ஞானிகளின் துணிபு.

இதெல்லாம் ஐரோப்பியர் சங்கதி என்று ஒதுக்கிவிட வழியில்லை. கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தோடு சேர்ந்து நடத்திய 'மைஐரா' ஆய்வில், மலாய், சீன, இந்திய இனத்தார் மூவரிடமும் இந்த அமினோ அமில வரிசையாகிய மரபுக்குறி அபாயமாகவே தென்பட்டது. அதன் வகை மட்டும் இனத்துக்கினம் வேறுபட்டது. நம் நாட்டு முடக்குவாதக் கிளினிக்குகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிகுதி என்பதையும் இங்கே மறக்கலாகாது. அதே ஆய்வில், ஜவுளித் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு இந்நோயின் அபாயம் ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. தூசியோடு மரபுக்குறியும் சேர்ந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட, எதிர்ப்பொருள் காணும் வகை முடக்குவாதத்தின் அபாயம் சுமார் 39 மடங்கு. ரப்பர் தாழ்ந்தபின் தோட்டத்துப் பெண்கள் ஆலைகளுக்கு வேலைக்குப் போன நம் சரித்திரத்தை நினைத்தால், இந்த எண்ணை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஆயினும் மரபைத் தலைவிதியாக்கிவிடுவது பெரும் பிழை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றில் ஏறத்தாழ 15 பேருக்குத்தான். மிச்சத்தைப் புகையும் தூசியும் நாமறியாத வேறு சிலவும் தீர்மானிக்கின்றன. ஆகையால் வாசகர்களே, வீட்டில் யாருக்கேனும் காலை விறைப்பும் வீக்கமும் ஆறு வாரம் நீடித்தால், தைலப் புட்டியை நம்பிக் காலம் கடத்தாமல், சிகரெட்டை நிறுத்தச் செய்து கிளினிக்குக்கு அழைத்துப் போய், எதிர்ப்பொருள் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். முதற்சில மாதங்களிலேயே தொடங்கும் மெத்தோடிரெக்சேட் போன்ற மருந்து எலும்பு அரிக்கப்படுவதைப் பெரிதும் தடுக்கும்.