ஐந்து பையன்கள் இருந்தால் ஓர் அணி: இண்டியானா கிராமப் பள்ளிகளின் கூடைப்பந்துக் கதை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் ரிப்ளி என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பதைச் சிறிய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாநிலத்தில் 92 கவுண்டிகள் உண்டு. மாநிலத்தின் நடுப்பகுதி மண் கொடுத்துவைத்த மண். ரிப்ளி பக்கம் அப்படியில்லை. தட்டையான மேட்டு நிலம், தண்ணீர் வடியாத களிப்பு, அமிலத்தன்மை அதிகம். சுண்ணாம்பு போட்டு, வடிகால் எடுத்தால்தான் மக்காச்சோளம் தலைநிமிரும். கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் கோதுமை, தொழுவத்தில் நாலு கறவை மாடு, பட்டியில் பன்றி என்று பலதையும் வைத்துப் பிழைத்த சின்னப் பண்ணைகள்தான் அங்கே அதிகம்.

இந்தப் பகுதி உயர்நிலைப் பள்ளிகள் ஏழு சேர்ந்து இன்று ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. 'ஓஹையோ ரிவர் வேலி கான்ஃபரன்ஸ்' என்று பெயர். அதில் உள்ள பள்ளிகளின் பெயர்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாலே, விவசாயம் மாறியபோது கிராமங்களுக்கு என்ன ஆனது என்பது தெரிந்துவிடும். ஜாக்-சென்-டெல் என்று ஒரு பள்ளி. அப்படியோர் ஊரே கிடையாது. சவுத் ரிப்ளி என்று இன்னொன்று. அதுவும் ஊர்ப் பெயர் அல்ல. கவுண்டியின் தென்பாதி என்றுதான் பொருள். ஊர்ப் பெயர்கள் எங்கே போயின?

நிலத்தை அளந்தபோதே பள்ளிக்கும் பங்கு

1785-ல் அமெரிக்க அரசு ஒரு நில அளவைச் சட்டம் கொண்டுவந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதை 36 துண்டுகளாக வகுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கர். அதில் 16-ம் எண் துண்டு பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. விதை விழுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் பங்கு பிரித்து வைத்த சட்டம் இது. நம் விவசாயிகள் கேட்டால் மெச்சுவார்கள்.

இண்டியானாவில் ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் டிரஸ்டி என்று ஒருவரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளியை நடத்துவது அன்று அவர் பொறுப்பு. பெரும்பாலும் அவரும் ஒரு விவசாயியாகவே இருப்பார். இப்படி ஏறக்குறைய 1,000 டவுன்ஷிப்புகள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி இருந்தது. மொத்த மாணவர்களே ஐம்பது, நூறு என்று இருந்த பள்ளிகள் ஏராளம்.

அந்தச் சின்னப் பள்ளிகளில் கூடைப்பந்து ஏன் வேரூன்றியது என்பதற்கு விளையாட்டுக்காரர்கள் பல காரணம் சொல்வார்கள். விவசாயியின் கண்ணோடு பார்த்தால் பயிர்க்காலமே பாதிக் காரணம். அமெரிக்கக் கால்பந்துக்கு ஓர் அணிக்கு 11 பேர் வேண்டும். அது நடப்பதோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதுதான் அங்கே மக்காச்சோள அறுவடை. அறுவடை எந்திரம் பரவுவதற்கு முன், கதிரை ஒவ்வொன்றாக ஒடித்து, தோகையை உரித்து வண்டியில் வீச வேண்டும். நல்ல வேலைக்காரர் நாள் முழுக்க நின்றாலும் ஓரிரண்டு ஏக்கருக்கு மேல் நகராது. அந்த நேரத்தில் வளர்ந்த பையனை எந்தத் தகப்பனார் விளையாட அனுப்புவார்? கூடைப்பந்துப் பருவமோ அறுவடை முடியும் நவம்பரில் தொடங்கி, அடுத்த உழவுக்கு முன் மார்ச்சில் முடிந்துவிடும். வெளியே பனி, ஆட்டம் கூரைக்குக் கீழே. அணிக்கு ஐந்து பேர் போதும். வளையம் ஒன்றைக் கொட்டகைச் சுவரில் அடித்துவிட்டால் பயிற்சிக்கும் செலவில்லை.

பக்கத்து ஊரோடுதான் போட்டி

முதலில் உருவானவை கவுண்டி அளவிலான கூட்டமைப்புகள். ஒரே கவுண்டிக்குள் இருக்கும் பள்ளிகள் தங்களுக்குள் அட்டவணை போட்டுக்கொண்டு ஆடும். தூரம் குறைவு, வண்டிச் செலவு குறைவு. வசூலாகும் நுழைவுக் கட்டணம் பந்துக்கும் சீருடைக்கும் ஆகும். பால் கறந்துவிட்டுக் கிளம்பினால் ஆட்டம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். பக்கத்து ஊர் என்பதால் சம்பந்தம் பேசியவர்களும், ஏலத்தில் மாடு வாங்கிச் சண்டை போட்டவர்களும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பல ஊர்களில் ஆட்டக்கூடத்தின் இருக்கைகள் ஊர் மக்கள்தொகையைவிட அதிகம். நைட்ஸ்டவுன் என்ற ஊரில் 1921-ல் மக்களே பணம் திரட்டிக் கூடம் கட்டினார்கள்.

கவுண்டிப் போட்டிகளுக்கு மேலே மாநிலப் போட்டி இருந்தது. மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1903-ல் தொடங்கியது; 1911 முதல் மாநிலப் போட்டி நடந்தது. சின்னப் பள்ளி, பெரிய பள்ளி என்ற பிரிவே அதில் இல்லை. எல்லாரும் ஒரே களத்தில்.

'எல்லாரும்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கறுப்பினப் பள்ளிகளையும் கத்தோலிக்கப் பள்ளிகளையும் 1942 வரை அந்தச் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கு மாநிலப் போட்டி வந்தது 1976-ல்தான்.  பழைய காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

161 மாணவர் பள்ளி

ரிப்ளி கவுண்டியில் மைலன் என்று ஓர் ஊர். எழுத்தில் இத்தாலி நாட்டு மிலான் மாதிரி. ஊர்க்காரர்கள் வாயில் மைலன். 1954-ல் மக்கள்தொகை 1,150 அளவில். பள்ளியில் ஆண், பெண் சேர்த்து 161 மாணவர்கள். பயிற்சியாளர் மார்வின் வுட்டுக்கு வயது 26. அணியில் சிலர் அருகிலுள்ள பியர்ஸ்வில் என்ற குக்கிராமத்துப் பையன்கள். பாபி பிளம்ப் அவர்களில் ஒருவர்.

அந்த ஆண்டு போட்டியில் இறங்கியவை 751 பள்ளிகள். மார்ச் 20 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் இறுதி ஆட்டம். எதிரில் மன்சி சென்ட்ரல். அதற்கு முன்பே 4 முறை பட்டம் வென்ற, மைலனைப்போல் பத்து மடங்கு பெரிய நகரப் பள்ளி. உயரத்திலும் பலத்திலும் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று வுட்டுக்குத் தெரியும். கடைசிக் கால்பகுதியில் மைலன் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும்படி பிளம்புக்குச் சொல்லிவிட்டார். நாலு நிமிடத்துக்கும் மேலாக பிளம்ப் நின்றார். இத்தனை நொடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. பின்தங்கியிருக்கும் அணி நேரத்தைக் கடத்துவது பார்க்கிறவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஆட்டத்தின் வேகத்தை அடக்கி, புள்ளி வித்தியாசம் பெருகாமல் காத்து, முடிவைக் கடைசி நொடிகளுக்குத் தள்ளினால்தான் சின்ன அணிக்கு வாய்ப்பு. பிறகு 30-30 என்று சமநிலை வந்தது. கடைசி நொடிகளில் பிளம்ப் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 32-30.

மறுநாள் அணி ஊர் திரும்பியபோது பல மைல் நீளத்துக்குக் கார்கள் பின்தொடர்ந்தன. திரண்ட கூட்டம் 40,000 என்று அன்றைக்குக் கணித்தார்கள். இந்த வெற்றியை அடியாகக் கொண்டு 1986-ல் 'ஹூசியர்ஸ்' என்ற திரைப்படமும் வந்தது. நைட்ஸ்டவுன் கூடத்தில் அதன் ஆட்டக் காட்சிகள் சிலவற்றை எடுத்தார்கள். அந்தப் பள்ளி அதற்கு இருபது ஆண்டு முன்பே இடம் மாறிவிட்டது.

டிராக்டர் வந்தது, வகுப்பறை காலியானது

மைலன் வென்ற நேரத்திலேயே அடித்தளம் கரைந்துகொண்டிருந்தது. 1935-ல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள். சராசரிப் பரப்பு 155 ஏக்கர். 2022 கணக்கெடுப்பில் பண்ணைகள் 19 லட்சம்; சராசரி 463 ஏக்கர். குதிரை போய் டிராக்டர் வந்தது, கதிர் ஒடிக்கும் எந்திரம் வந்தது. மூன்று குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுதது. மற்ற இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் நகரத்துப் பள்ளியில் சேர்ந்தார்கள்.

கல்வியாளர்களும் சின்னப் பள்ளிகளை நெருக்கினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-ல் வெளியிட்ட அறிக்கை, இறுதி வகுப்பில் குறைந்தது 100 பேர் இருந்தால்தான் உயர்நிலைப் பள்ளி சரியாக நடக்கும் என்றது. அதே 1959-ல் இண்டியானா சட்டமன்றம் பள்ளி மறுசீரமைப்புச் சட்டம் இயற்றியது. டவுன்ஷிப் டிரஸ்டிகளின் கையிலிருந்து பள்ளிகள் பெரிய நிர்வாகங்களுக்கு மாறத் தொடங்கின.

ரிப்ளியில் ஆஸ்குட், நெப்போலியன் என்ற ஊர்களின் பள்ளிகள் ஒன்றாயின. புதுப் பள்ளிக்கு எந்த ஊர்ப் பெயரும் வைக்கவில்லை. ஜாக்சன், சென்டர், டெலவேர் என்ற மூன்று டவுன்ஷிப்புகளின் தலையெழுத்துகளைச் சேர்த்து ஜாக்-சென்-டெல் ஆனது. வெர்சேல்ஸும் அதன் அண்டை ஊர்களும் சேர்ந்து சவுத் ரிப்ளி ஆயின. பக்கத்துக் கவுண்டியான சுவிட்சர்லாந்தில் கவுண்டி முழுமைக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி. ஒரே கவுண்டிக்குள் ஆடிக்கொள்ள இனிப் போதிய பள்ளிகள் இல்லை. அதனால் அட்டவணை கவுண்டி எல்லையைத் தாண்டியது. மைலன், ஜாக்-சென்-டெல், சவுத் ரிப்ளி, சுவிட்சர்லாந்து கவுண்டி, ரைசிங் சன், சவுத்வெஸ்டர்ன், மேடிசன் நகரின் கத்தோலிக்கப் பள்ளியான ஷா மெமோரியல் ஆகிய ஏழும் இன்றைக்கு ஆற்றின் பெயரால் ஒன்றாக நிற்கின்றன.

இணைப்பால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஐம்பது பேர் பள்ளியில் வேதியியலுக்குத் தனி ஆசிரியர் கிடைக்க மாட்டார், ஆய்வுக்கூடமும் இராது. விவசாயி மகனும் மகளும் பொறியாளர் ஆக வேண்டுமென்றால் அவை இரண்டும் வேண்டும். ஆனால் பள்ளி போன ஊரில் வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் சேர வேறு காரணம் இல்லாமல் போனது. கூட்டம் சேராத ஊரில் உணவுக்கடையும் தீவனக் கடையும் எத்தனை நாள் தாங்கும்? இணைப்புக் கணக்குப் போட்டவர்கள் ஒரு மாணவருக்கு இவ்வளவு செலவு என்று எழுதிப் பார்த்தார்கள். இந்தக் கணக்கு அந்தத் தாளில் ஏறவில்லை.

1954-ல் 751 ஆக இருந்த மாநிலப் போட்டிப் பள்ளிகள் 1997-ல் 382 ஆகக் குறைந்தன. அதே 1997-98 பருவத்தில் ஒரே களம் என்ற பழைய முறையையும் நிறுத்தி, மாணவர் எண்ணிக்கைப்படி நாலு பிரிவாக மாநிலப் போட்டியைப் பிரித்தார்கள். சின்னப் பள்ளிகளுக்குக் கோப்பை கிடைக்கும் என்றார்கள் ஆதரித்தவர்கள். பாபி பிளம்ப் வெளிப்படையாக எதிர்த்தார். மைலன் இனி மன்சியோடு மோதவே முடியாது என்றால் அந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. மைலனின் பழைய தண்ணீர்த் தொட்டியில் 1954 வெற்றியைச் சொல்லும் எழுத்துகள் இருக்கின்றன. ஊரில் அந்த அணிக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

பிரிவுகள் மாநிலப் போட்டிக்கு மட்டும்தான். கூட்டமைப்பு ஆட்டங்களுக்கு அவை பொருந்தாது. மாநிலத்திலேயே சிறிய கவுண்டியின் பள்ளியான ரைசிங் சன்னும், பல ஊர்களைச் சேர்த்துக் கட்டிய சவுத் ரிப்ளியும் குளிர்கால இரவில் இன்றும் ஒரே கூடத்தில் ஐந்துக்கு ஐந்தாக நிற்கின்றன.