நாளமில்லாச் சுரப்பிகளும் உடல் எடையும்

தோற்றுவாய்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர் முதலில் அடைவது அடிவாரம். சேர்வராயன் மலையின் காலடியாகிய இவ்விடத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த பின்னரே, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைய இயலும். செங்குத்தான மலையில் நேராகச் சாலை அமைத்தால் எவ்வண்டியும் ஏறாது. உடலின் ஹார்மோன் சமநிலை குலைந்த ஒருவர் எடையைக் குறைக்க முயல்வதும் இத்தகையதே. விரைவாக ஏற முயல்வோர் பாதியிலேயே நின்றுவிடுகின்றனர். வழியறிந்து மெல்லச் செல்வோர் ஊர் போய்ச் சேர்கின்றனர்.

பருத்த உடலைக் கண்டவுடன் "உண்டு கொழுத்தவர்" என்று எள்ளுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கல்லூரி மாணவியர் பலர் இவ்வேளனத்துக்கு அஞ்சிப் பட்டினி கிடக்கின்றனர். திருமணப் பேச்சு தட்டிப் போகுமோ என்று பெற்றோரும் கலங்குகின்றனர். நோயை நோயென்று அறியாமையே இதற்குக் காரணம். ஆதலின் சுரப்பிகளுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையில் காண்போம்.

தைராய்டுச் சுரப்பி

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. இது சுரக்கும் தைராக்சின், உடல் எவ்வளவு விரைவாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. இச்சுரப்பு குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்குக் கோளாறு, எடை கூடுதல் ஆகியவை தோன்றும். 1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தி இந்நோயுற்ற பெண்மணி ஒருவரை நலமடையச் செய்தார். 1914 இல் அமெரிக்க வேதியியலார் எட்வர்டு கெண்டால் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அதே பொருள் சிறு மாத்திரையாக எளிதிற் கிடைக்கிறது.

தைராக்சின் உருவாக அயோடின் இன்றியமையாதது. மலைப்பகுதி மண்ணிலுள்ள அயோடினை மழைநீர் அரித்துச் சென்றுவிடுவதால், அம்மண்ணில் விளையும் உணவிலும் அது குறைவு. இமயத்தின் அடிவாரமாகிய காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் வி.இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956 இல் ஆய்வொன்றைத் தொடங்கினர். அயோடின் கலந்த உப்பை உண்ட பகுதிகளில் முன்கழுத்துக் கழலை குறைந்தது. வெற்றுப்பை உண்ட பகுதியில் குறையவில்லை. இதன் பயனாக 1962 இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. வெற்றுப்பை உணவுக்காக விற்பதற்கு விதிக்கப்பட்ட தடை 2000 இல் நீக்கப்பட்டு, 2006 இல் நாடெங்கும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

நம் சேலம் மாவட்டத்துக்கு இதில் தனித்த தொடர்பு ஒன்றுண்டு. இம்மாவட்டம் மரவள்ளிக்கிழங்குக்கும் சவ்வரிசிக்கும் பெயர்பெற்றது. மரவள்ளியில் உள்ள ஒருவகை நச்சுப்பொருள், உடலினுள் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை ஈர்ப்பதைத் தடுக்கும். கிழங்கை நன்கு ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்தால் அப்பொருள் பெருமளவு நீங்கும். அயோடின் உப்பும் போதிய அளவு சேர்த்துக்கொள்வோர் அவ்வப்போது மரவள்ளி உண்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

எனினும், அயோடின் போதிய அளவு கிடைக்குமிடங்களில் தைராய்டுக் குறைவுக்கு முதன்மைக் காரணம் வேறு. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் இந்நிலையை, 1912 இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விளக்கினார். இவர்கள் கூடுதலாக அயோடின் உண்பதால் நோய் தீராது. சிலருக்கு மிகவும் கூடும்.

மாத்திரை உண்ணும் முறை

தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உணவு உண்ணல் வேண்டும். காப்பித் தோட்டங்கள் நிறைந்த ஏற்காட்டின் மக்களும் அடிவாரத்து மக்களும் ஒன்றை நினைவிற் கொள்க: மாத்திரையோடு காப்பி அருந்தினால் மருந்து உடலிற் சேர்வது குறையும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ரமலான் நோன்பு நோற்போர் மருந்தை நிறுத்திவிடலாகாது. உறங்கப் போகுமுன்னரோ ஸஹர் உணவுக்குச் சற்று முன்னரோ உட்கொள்ளும் முறையை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நலம். மருந்தின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பர்.

இங்கே இரண்டு உண்மைகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தைராய்டுக் குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோக்களே. அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீருமாகும். எனவே மாத்திரை தொடங்கியும் எடை முழுவதும் குறையவில்லையே என மனமுடைந்து மருந்தை விடலாகாது. அதுபோல், நோயற்றவர்கள் இளைப்பதற்கென்றே இம்மாத்திரையை உண்பது பெருந்தீங்கு. நெஞ்சுப் படபடப்பும் எலும்புத் தேய்வும் அதனால் நேரும்.

சினைப்பை நீர்க்கட்டி

இளம்பெண்களிடம் பரவலாகக் காணப்படும் மற்றொரு கோளாறு இது. 1935 இல் ஸ்டெயின், லெவந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இதனை விளக்கினர். கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படாத நிலையில், இரத்தத்தில் இன்சுலின் மிகுகிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்பால் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகத்தில் முடி வளர்தல், முகப்பரு, கழுத்து கறுத்தல் ஆகியவை அதன் விளைவுகள். எடை கூடினால் இக்கோளாறு மிகும். கோளாறு மிகுந்தால் எடை குறைவது கடினமாகும். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அதற்குப் பேரளவு இளைக்க வேண்டுவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நூற்றுக்கு ஐந்து பங்காகிய மூன்றரைக் கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்குச் சீராகத் தொடங்குகிறது. இதற்கெனத் தனிச்சிறப்புடைய உணவுமுறை எதுவும் இல்லை என்றே 2023 இல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ நெறிமுறை கூறுகிறது. தொடர்ந்து கைக்கொள்ளக்கூடிய உணவே நல்லுணவு. வெள்ளைச் சோறு, சவ்வரிசி, இனிப்பு, பொரித்த பண்டங்கள் ஆகியவற்றைக் குறைத்து, பயறு, கீரை, காய்கறி, மீன், முட்டை ஆகியவற்றைக் கூட்டலாம். கேழ்வரகும் சாமையும் நல்லனவே. ஆயினும் அவையும் மாவுப்பொருளே, அளவு மீறலாகாது.

எடைக்கல் ஒன்றே அளவுகோலா?

சென்னையில் மருத்துவர் அ.இராமச்சந்திரன் குழுவினர் நிகழ்த்திய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். உணவை ஒழுங்குபடுத்தி, நாள்தோறும் நடந்தவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. வியப்பு யாதெனின், அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைக்கல்லின் முள் நகராதபோதும் உடலினுள் நன்மை விளைந்துகொண்டிருந்தது எனப் புரிந்துகொள்கிறோம். ஆதலின் இடுப்பளவு, இரத்தச் சர்க்கரை, மாதவிலக்கின் ஒழுங்கு, உறக்கம், சுறுசுறுப்பு ஆகியவற்றையும் அளவுகோல்களாகக் கொள்ள வேண்டும். நம்மவரில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே இடுப்பளவின் எல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரைமணி விரைநடை என்பது யாவர்க்கும் இயலக்கூடிய தொடக்கம்.

நிறைவாக

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் கருத்தை வைத்துள்ளார். அந்நெறி இன்றும் பொருந்துகிறது. காரணமின்றி எடை கூடினால் முதலில் பரிசோதனை, பிறகு மருந்து, அதனோடு அளவான உணவும் நடையும். பட்டினியும் விளம்பரப் பொடிகளும் இவ்வரிசையில் இடம்பெறா.

மாணவியர் தம் உடற்குறையை மறைக்காமல் தாயிடமோ ஆசிரியையிடமோ சொல்லுதல் வேண்டும். ஆசிரியர்கள் வகுப்பறையில் உருவத்தைக் கேலி செய்வதைக் கண்டிக்க வேண்டும். சமுதாயப் பெரியோர், பெண்மக்கள் நடைப்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் அச்சமின்றிச் செல்ல இடமும் நேரமும் அமைத்துத் தர வேண்டும். மெலிந்தவரையே அழகர் எனக் கருதும் மனப்போக்கை விட்டு, நலமுற வாழ்பவரைப் போற்றும் மனப்பாங்கை நாம் அனைவரும் வளர்த்துக்கொள்வோமாக!